டிவியில் ஸ்டெல்லா

காலையில் மகள் மிளகாயும் மல்லியும் வறுத்தாள். அந்த நெடிக்கு ஒரு தும்மல் போட்டேன், பழைய அம்பத்தூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அடுப்பு மேடையில் அவள் அம்மா எழுதிய சமையல் புத்தகம். மீன் குழம்புப் பக்கத்தில் பாதி எழுத்து எண்ணெய்க் கறைக்குள் போய்விட்டது.

அவள் அம்மா என்றால் என் மனைவி ஸ்டெல்லா. மாதா கோயில் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளை டிவியில் கூப்பிட்டார்கள். பதிவு நாளன்று தூக்குகளில் குழம்பு தனி, மசாலா தனி என்று எடுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறுவாள். உப்பைக் கையால் அள்ளிப் போட்டே பழகியவள், டிவிக்காக ஸ்பூன் பிடித்தாள். அந்த அளவுகள்தான் பிறகு புத்தகம் ஆயின. எந்தெந்த ஊரிலிருந்தோ கார்டு போட்டுப் பாராட்டுவார்கள்.

எனக்குப் பெருமை இருக்க வேண்டுமல்லவா? நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவள் நிகழ்ச்சி வரும் நேரத்தில் பட்டறையே எதிர் டீக்கடைக்கு ஓடும்.

"இன்னா மாமே, ஊட்டுக்காரம்மா டிவில மீனு வறுக்குது, உன் டப்பால தயிர் சோறு கீது?"

வேடிக்கைக்குச் சொன்னதுதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, பெரிய ஜமீன் பாருங்கள். அந்தக் கடைப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. எங்கள் வீட்டிலோ டிவி கிடையாது.

"பாத்தீங்களா?" என்பாள், சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே.

"டீக்கடையில பாத்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பச்சைப் புடவை கலர் டிவில நல்லா எடுப்பா இருந்துச்சு" என்றேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "அந்தக் கடை டிவி கறுப்பு வெள்ளையாச்சேங்க" என்றாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. இனிமேல் போய்ப் பார்த்தால் பொய்யை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று எனக்கு வீம்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு வருடம் ஓடியது. புத்தகம் அச்சாகி வந்த அதே மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. மகளுக்கு அப்போது மூன்று வயது. பாவி, ஒரே ஒரு தடவை ரோட்டைத் தாண்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு?

பிறகு டிவி நிலையத்தில் பதிவு செய்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவள் நிகழ்ச்சியின் டேப் கேட்டேன். "அது மேலயே வேற ப்ரோகிராம் எடுத்தாச்சு சார்" என்றார். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பட்டறையும் போய்விட்டது.

"டிவில அம்மா எப்படிப்பா இருப்பாங்க?" வாணலியை இறக்கிக்கொண்டே கேட்டாள் மகள்.

"பச்சைப் புடவைம்மா" என்றேன். "நல்லா எடுப்பா இருக்கும்."