உறுதியில் எழுதிய விலை

புதுக் காணி உறுதிப் பத்திரத்தின் மை மணம் எங்கே வந்தாலும், வேலணையில் நான் வீடு வாங்கிய அந்த வாரம் நினைவுக்கு வந்துவிடும். வாடகை அறைகளிலேயே ஐம்பதைத் தாண்டியவன் நான். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கூட வர ஒருவருமில்லை. முத்திரை வரியில் மிச்சம் பிடிக்க, கொடுத்த விலையில் பாதியைத்தான் உறுதியில் எழுதுவித்தேன்.

மூன்றாம் நாள், விற்றவரின் தமக்கை மடத்துவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். அந்தக் காணியில் அவருக்கும் சிறு பங்கு இருந்தது.

"பங்குகாரிக்குச் சொல்லாமல் வித்தால், உறுதியில இருக்கிற விலையைக் கட்டி நான் வீட்டை எடுக்கலாம். எங்கட தேசவழமைச் சட்டம் அப்பிடி. தெரியாதோ?"

தெரியாது. வீடும் போய், பாதிக் காசும் போய்விடும். உண்மை விலையைச் சொன்னேன். வெறும் அறைகளுக்குள் என் குரல் மட்டும் போய்த் திரும்பியது.

"அரசாங்கத்தை ஏமாத்தப் போய் என்னட்ட மாட்டினீர்," என்று சிரித்தார். "ஆரார் இருக்கப்போறியள்?"

"நான் மட்டும்தான் அக்கா."

சிரிப்பு நின்றது. "அங்கை நானும் அப்பிடித்தான். இதையும் எடுத்துப் பூட்டி வைக்கவோ? சரியான விலையை எழுதும், வரியைக் கட்டும். நான் சம்மதமெண்டு கையெழுத்து வைக்கிறன்."

மறுநாளே வைத்தார். வரி முழுவதையும் கட்டினேன். ஒரு பொய்யைத் திருத்தியதற்காக, எனக்கென்று ஒருவர் கிடைத்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

பஸ் மிதிபலகையில் கால் வைத்தபடி அவர் திரும்பினார்.

"றோட்டுப்பக்க யன்னலைத் திறந்து வையும். பஸ்ஸில இதால போகேக்க வரேக்க, ஆள் இருக்கிற வீடெண்டு பாத்துக்கொண்டு போறன்."