கணக்கு சார் கொண்டுவந்த தவளை

மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அது. திருத்தணிப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, முதல் மழைக்கு மறுநாள் காலை, கணக்கு சார் அதை என் மேசைமேல் வைத்துத் திறந்தார். ஈரமண்ணில் பலூன்போல உப்பிய ஒரு தவளை. ஊதாவும் பழுப்பும் கலந்த தோல், கட்டைக் கால்கள், சின்ன மூக்கு.

"மலைக்குப் பின்னால பள்ளத்துல மண்ணத் தோண்டிகினு இருந்துச்சு டீச்சர். பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அந்த அபூர்வத் தவளைதானே?"

அது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் சந்தேகமும் வந்தது. அந்த ஊதாத் தவளை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டுமே உண்டு. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழையில் சில நாள் மட்டும் வெளியே வரும். நம் மொட்டைப் பாறைக்கு அது எப்படி வரும்? முந்தைய வாரம் கணக்கு சார் அரக்கோணத்தில் கல்யாணம் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தார். ஆனால் அவர் பையோரம் மலையாள எழுத்துள்ள பஸ் டிக்கெட் ஒன்றைப் பார்த்தேன்.

"நெஜமா இங்கதான் புடிச்சீங்களா சார்?"

"ஆங், இங்கதான். ஏன்ங்க?"

நேரே தலைமை ஆசிரியையிடம் போய் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். பேப்பரில் பெயர் வரவேண்டும் என்று அந்தக் காடுகளிலிருந்து பிடித்து வந்திருக்கிறார், பள்ளிக்கு வம்பு வரும் என்றேன்.

மதியம் ஆசிரியர் அறையில், எல்லோர் முன்பும் தலைமை ஆசிரியை டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார். கணக்கு சார் விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் துடைத்தபடி நின்றார்.

"இடுக்கிக்குத்தான் போனேன்ங்க மேடம். எம் பொண்ணு அங்கதான் இருக்குது. யாருகிட்டயும் சொல்லாம கல்யாணம் பண்ணிகினு போயிடுச்சு. பெங்களூர்ல வேல பாக்குதுன்னு உங்களாண்டல்லாம் பொய் சொன்னேன். தவள விஷயத்துல பொய் சொல்லலங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. சென்னையில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வறண்ட நிலத்திலும் மண்ணுக்குள் வாழ்ந்து மழைக்கு மேலே வரும் வேறொரு தவளையாம். நம் பக்கமெல்லாம் இருப்பதுதானாம். விலங்கியல் படித்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதற்குள் கணக்கு சார் அதைப் பிடித்த பள்ளத்திலேயே விட்டுவிட்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தலானார். அதன்பின் அவராக என் மேசைப் பக்கம் வந்ததே இல்லை.

போன மாதம் அவருக்குப் பிரிவு உபசாரம். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒவ்வொருவரைப் பற்றியும் அவளிடம் ஏதாவது சொல்லிச் சிரித்தவர், என் முறை வந்தபோது, "இவங்க சயின்ஸ் டீச்சர்," என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவள் கைகூப்பிப் புன்னகைத்தாள். வெறும் மரியாதைக்கா, அல்லது தன் கதையை அந்த அறைக்குள் இழுத்துவிட்டது யாரென்று தெரிந்துதானா? அவர்கள் ஆட்டோவில் ஏறும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.