அப்பாவுக்குப் பிடிக்காத சொல்

என் அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. காது மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண் ‘தமிள்நாடு’ என்று சொல்லிவிட்டால், பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அவளுக்கு ழகரம் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் போனில் ‘அப்புறம், அப்புறம்’ என்று இழுத்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். பம்பாய் மாட்டுங்காவில் பூக்காரர் பாதி இந்தியில் விலை சொன்னால் பூ வாங்காமலே நடையைக் கட்டுவார். இத்தனைக்கும் அவர் எதைப் பேசினாலும் நடுவில் ஒரு ‘ஆக்சுவலா’ வந்து விழும். அதை யாரும் திருத்தியதில்லை. திருத்தலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதுமில்லை.

அப்போது நாங்கள் அணுசக்தி நகர் குடியிருப்பில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, வேலை கிடைத்து வந்தவர். ஊர்ப்பேச்சைக் கல்லூரி வாசலிலேயே உதறிவிட்டதாகப் பெருமையோடு சொல்வார். அம்மாவைப் பெற்றவர்களும் அந்தப் பக்கம்தான், ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது தாராவியில். வீட்டில் நெல்லைத் தமிழ், சந்தில் இந்தி, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மராத்தி. மூன்றும் அவள் வாயில் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன.

அம்மாவுக்கு ‘மத்லப்’ இல்லாமல் பேச்சே தொடங்காது. நாம் ‘அதாவது’ என்று சொல்கிற இடத்தில் பம்பாய்க்காரர்கள் அதைத்தான் போடுவார்கள். “மத்லப், அரிசி தீந்துபோச்சு” என்பாள். “மத்லப், இவளுக்கு நேத்துலேந்து சளி” என்பாள். சோற்றில் கல் கடித்தவர் போல அப்பா முகத்தைச் சுளிப்பார்.

“அரிசி தீர்ந்ததுக்கு எதுக்கு ஒரு மத்லப்?”

“வாயில வந்துட்டு” என்று அம்மா சிரிப்பாள்.

‘வாளப்பளம்’ என்று அவள் சொல்வதும் அவருக்கு ஆகாது. ஒருமுறை செம்பூர் ஸ்டேஷன் எதிரே பழவண்டிக்காரனுக்கு முன்னால் நிறுத்தி, சரியாகச் சொன்னால்தான் வாங்குவேன் என்றார். அம்மா நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தாள். தமிழ் தெரியாத அந்த ஆள் சீப்பைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்கும் அம்மா சிரித்தாள் என்றுதான் ஞாபகம். நான் நான்காம் வகுப்புக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. மாடிப்படியில் மராத்திக்கார அத்தைகளோடு பேசும்போது மட்டும் அது கேட்கும். அங்கே அம்மா ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் நின்றுவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மும்தாஜ் பெரியம்மா வந்தார். உறவில்லை. தாராவியில் அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வீடு, காயல்பட்டினத்துக் குடும்பம். தோல் பட்டறைகளிலும் தையல் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளுக்காக அவர் ஒரு பால்வாடி நடத்தினார். அங்கே இருந்த டீச்சர் கல்யாணமாகி, கல்யாண் என்ற ஊருக்கே போய்விட்டாளாம்.

“புள்ளைங்க வீட்ல தமிழ் பேசுது, வெளியே போனா இந்தி பேசுது. ரெண்டும் கலந்துதான் அதுங்களுக்கு வாய் வருது” என்றார் மும்தாஜ் பெரியம்மா. “சுத்தத் தமிழ் டீச்சர் ஒருத்திய வச்சுப் பாத்தேன். புள்ளைங்க பயந்துபோய் மூத்திரம் போறதுக்குக்கூட கேக்க மாட்டேங்குது. ஒன்னைய மாதிரி ஒருத்திதான் எனக்கு வேணும்.”

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, “என்னைய மாதிரியா?” என்று கேட்டாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது.

“ஒன்னையத்தான். திங்கக்கிழம காலைல போன் போடுதேன். அவுககிட்ட கேட்டு வையி.”

அவர் போனபின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். “அப்பாட்ட நீ ஒண்ணும் சொல்லாத, நானே சொல்லுதேன்” என்றாள். நான் பள்ளிவிட்டு வந்தால் யார் கதவு திறப்பார்கள் என்று கேட்டேன். எதிர்வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவாளாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவள் வேலை செய்துகொண்டே ஏதோ பாட்டை முனகினாள். பாட்டும் பாதி இந்திதான்.

மறுநாள் அப்பாவின் அலுவலகத் தோழரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். அந்த அம்மாளும் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் எதிரில் சொன்னால் அப்பா மறுக்கமாட்டார் என்று அம்மா கணக்குப் போட்டிருக்க வேண்டும். காலையிலிருந்தே அப்பளம், பாயசம் என்று அமர்க்களப்படுத்தினாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“மத்லப், என்ன விசயம்னா, தாராவில ஒரு பால்வாடி…”

அப்பா இடதுகையை உயர்த்தினார். கோபமில்லை. விருந்தாளிகள் இருந்தால் அவருக்கு நகைச்சுவை வந்துவிடும்.

“பாத்தீங்களா? ஆக்சுவலா இதுதான் நான் சொன்னது. ஒரே ஒரு வாக்கியம் மத்லப் இல்லாம சொல்லு பாப்போம். நாங்க எல்லாரும் கேக்குறோம்.”

தோழர் சிரித்தார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

“தாராவில… மும்தாஜக்கா நடத்துற… அவுங்க என்ன சொன்னாங்கன்னா… மத்லப்…”

தோழருக்குப் புரையேறிவிட்டது. அப்பா அவர் தலையில் தட்டிக்கொடுத்துக்கொண்டே சிரித்தார். “என்ன செய்ய? தாராவில வளந்தவ. இவ பேசுறது எந்த மொழின்னு ஆராய்ச்சிதான் பண்ணணும்.”

அம்மா நின்றுகொண்டே இருந்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது. அந்த டீச்சரம்மாள் மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து பார்த்து, “ஏதோ சொல்ல வந்தீங்களே?” என்றார்.

“ஒண்ணுமில்லக்கா, மறந்துபோச்சு. சாதம் போடட்டுமா?” என்றாள் அம்மா.

யாரும் மறுபடி கேட்கவில்லை. பாயசம் பிரமாதம் என்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை அப்பா அலுவலகப் பேருந்துக்குக் கிளம்பிப் போனதும் போன் அடித்தது. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நின்றுபோய், மறுபடி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“இல்லக்கா. முடியாது. வேற ஆளப் பாத்துக்கோங்க.”

மும்தாஜ் பெரியம்மாவுக்கு எப்போதுமே உரத்த குரல். “ஏன், அவுக வேண்டாம்னுட்டாகளா?” என்று கேட்டது எனக்கே கேட்டது.

“அவுககிட்ட நான் கேக்கவே இல்லக்கா.”

போனை வைத்துவிட்டு என் தலைமுடியைப் பின்ன வந்தாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். வலிக்கிறது என்றேன், தளர்த்தவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பள்ளிவிட்டு வந்தால் அம்மாதான் கதவு திறப்பாள்.

அதன்பிறகு அந்தச் சொல்லை அம்மா சொல்லவே இல்லை. கூடவே வேறு பல சொற்களும் போயின; மிஞ்சியவை இவ்வளவுதான்: “அரிசி இல்ல.” “சளி.” “ஆமா.” “சரி.” மாடிப்படியில் நிற்பதும் குறைந்தது. இந்தி வாயில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார், “ஆக்சுவலா, எவ்வளவு நாள் பழக்கம்! விட வச்சுட்டேனே.” இன்றைக்கும் சொல்கிறார். அந்தப் பால்வாடி விஷயம் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். அம்மா தன்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று போனில் என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அம்மா அடுப்பருகே நின்றிருந்தாள். சத்தமே இல்லை, ஆனால் உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கை மேலே போய் யானைத் தும்பிக்கை போல ஆடியது, பிறகு சின்னதாகக் குவிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அவள் பார்வை, தரையில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தில் இருந்தது. நனைந்த பையோடு நான் உள்ளே வந்ததும் எல்லாம் நின்றுபோனது. துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

“எந்தச் சாமிக்கும்மா மந்திரம்?” என்று கேட்டேன்.

அம்மா துண்டால் இன்னும் அழுத்தித் துவட்டினாள். மந்திரத்தை வெளியே சொல்லக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.