குறையாத எண்ணெய்

பட்டறையில் எல்லோரும் 'வயர்' என்று கூப்பிடும் மெக்கானிக், இடது கையால் லாரியின் ஆயில் பிரஷர் மீட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பியை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தார். கம்பி அசையவில்லை. இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி முறுக்கினார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு ஏமாற்றம்.

"என்ன மச்சான், வயர் நல்லாருக்கா?" என்றார் லாரிக்காரர். வயருடைய தங்கையின் புருஷன். வண்டிக்குச் சொந்தக்காரரும் அவரே, ஓட்டுநரும் அவரே.

வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சிரித்தார்.

சிரிப்புக்குக் காரணம் பழையது. இருபத்தாறு வயதில், ஒரு லாரியின் ஆயில் பிரஷர் முள் கீழே விழுந்து கிடக்கிறது என்று, வயர் நான்கு நாள் வியர்வை சிந்தி முழு எஞ்சினையும் பிரித்துப் போட்டார். பேரிங் மாற்றினார். திரும்ப மூட்டி ஓட்டினால் முள் அதே இடத்தில் படுத்திருந்தது. பட்டறை முதலாளி வந்தார், மீட்டருக்குப் பின்னால் கையை விட்டார், கழன்று தொங்கிய ஒரு கம்பியைச் செருகினார். முள் எழுந்து நின்றது. அன்று மாலைக்குள் இவருக்கு 'வயர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு அவருடைய மகள் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் 'வயர்' என்று எழுதப்போய், ஆசிரியை கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆனது.

அதிலிருந்து, வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிக்காமல் அவர் எந்த எஞ்சினையும் பிரித்ததில்லை. "வயர்கிட்ட வண்டியை விட்டா எஞ்சினைத் தவிர எல்லாத்தையும் சரிபண்ணிடுவார்" என்று கிண்டல் செய்வார்கள். செய்தவர்களே அடுத்த வாரம் வண்டியோடு வந்து நிற்பார்கள்.

இந்த லாரி விஷயத்தில் அவருக்குப் பொறுமை இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் இதன் எஞ்சினைப் பிரித்தார்கள். மூன்று மாதம் வண்டி நின்றது. அந்த மூன்று மாதமும் லாரிக்காரர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், சமையலறை டப்பாக்களையெல்லாம் லோடு ஏற்றுகிற முறைப்படி, கனமானது கீழே, லேசானது மேலே என்று மாற்றி அடுக்கினார். தங்கை ஒரு வாரம் உப்பைத் தேடினாள். அப்போதே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை எஞ்சினைப் பிரிக்கிற நிலைமை வந்தா வண்டியை வித்துடணும். வாட்ச்மேன் வேலைக்குப் போங்க. ஆனா வீட்ல உட்காராதீங்க." லாரிக்காரர் தலையாட்டி வைத்தார். இப்போது முள் விழுந்துவிட்டது. வண்டியை வாங்கிக்கொள்ளும் ஆள் மறுநாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார் வயர்.

அடுத்து மீட்டரையே நம்பாமல், எஞ்சின் பக்கவாட்டில் இருந்த உணர்கருவியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் தன்னுடைய சொந்த மீட்டரை முடுக்கினார். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முள் நான்கில் நின்றது. லாரிக்காரர் முகம் மலர்ந்தது. முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தி, எஞ்சினை மட்டும் மெதுவாக ஓடவிட்டார்கள். முள் சரிந்து சரிந்து அரைக்கு வந்து நின்றது. காய்ச்சல் உண்மைதான், தெர்மாமீட்டரைக் குறை சொல்ல வழியில்லை.

"பேரிங்தானே மச்சான்?" லாரிக்காரரின் குரல் இறங்கிப்போயிருந்தது. பேரிங் என்றால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

வயர் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் அடிப்பாகத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். "பேரிங் போயிருந்தா உள்ள இடிக்கிற சத்தம் வரணும். வரலையே. அது சரி, கடைசியா ஆயில் எப்ப ஊத்தினீங்க?"

லாரிக்காரர் நிமிர்ந்தார். இது அவருக்குப் பிடித்த கேள்வி. "ஆறு மாசமா ஒரு சொட்டு ஊத்தலை. மத்தவன் வண்டியெல்லாம் ஆயிலைக் குடிக்குது. நம்மது தொடுறதே இல்லை."

"இவ்வளவு பழைய எஞ்சின், கொஞ்சம்கூடக் குறையலையா?"

"குறையறதா? போன மாசத்தைவிட ஒரு விரல் கூடுதலா இருக்கு!"

லாரி நிறுத்துமிடங்களில் எல்லாம் அவர் சொல்லிப் பெருமைப்பட்ட சங்கதி இது. வயர் எஞ்சின் பக்கம் குனிந்தார். எண்ணெய் அளவுக் குச்சியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். டீசல் வாடை அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சட்டையிலும் அதே வாடை, கையிலும் அதே வாடை, பட்டறைச் சுவரிலும் அதேதான். முப்பது வருஷமாக டீசலில் ஊறிய மூக்கின் சாட்சி எடுபடாது.

லாரிக்காரரும் முகர்ந்தார். "நல்ல ஆயில் வாசனைதான்" என்றார்.

அந்த நேரத்தில் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். முதியோர் இல்லத்தில் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை அவளுக்கு. காலை முறை முடிந்து நேராக வந்திருந்தாள். படுக்கை விரிப்பை முகர்ந்தே யாருக்கு என்ன கோளாறு என்று மருத்துவருக்கு முன்னால் சொல்லிவிடுவாள் என்று அங்கே பேச்சு.

"பிரிக்கணுமா வேண்டாமாண்ணே? ஒரே வார்த்தையில சொல்லு."

"முதல்ல இதை மோந்து பாரு" என்று குச்சியை நீட்டினார் வயர்.

"சோறு கொண்டாந்தவகிட்ட நீட்டுற பொருளைப் பாரு!" என்றாலும் தூக்கை வைத்துவிட்டு, குச்சியை வாங்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் வரைக்கும் நடந்தாள். சுத்தமான காற்றில் நின்று ஒரு முறை இழுத்தாள். திரும்பி வந்தாள். "டீசல்."

"நிச்சயமாவா?"

"ஆறு மாசமா இவர் குச்சி துடைக்கிற துணியைத் துவைக்கிறவளே நான்தான். துணியில டீசல் நாத்தம் வருது, என்னன்னு பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? லாரிக்காரன் துணியில ரோஜாவா மணக்கும்னாரு."

லாரிக்காரர் பஞ்சர் ஒட்டுபவரைப் பார்த்தார். உதவி கிடைக்கவில்லை.

வயர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். அதில் புது எண்ணெய் ஒரு சொட்டும், குச்சியிலிருந்து ஒரு சொட்டும் விட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது புது எண்ணெய் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. மற்றது உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாகப் பரவியிருந்தது.

"வண்டி ஆயிலைக் குடிக்காம இல்லை மாப்பிள்ளை. குடிச்ச இடத்துல டீசலை ஊத்தி, உங்களுக்குக் கணக்குக் காட்டியிருக்கு. டீசல் கலந்த ஆயில் சூடானா தண்ணி. தண்ணிக்கு ஏது பிரஷர்?"

டீசல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் நிறையத் தேடவில்லை. தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப் எஞ்சினின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதற்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்தால் டீசல் நேரே எண்ணெய்க்குள்தான் இறங்கும். இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பம்ப்பைக் கையில் எடுத்தார்.

"இது பிரிக்கிறதுல சேராதில்ல?" என்று லாரிக்காரர் மனைவியிடம் அவசரமாகக் கேட்டார்.

"அது பம்ப்புதானே. போனாப் போகுது."

சவ்வில் நகக்கீறல் போல ஒரு கிழிசல் இருந்தது.

ஆனால் வயர் சிரிக்கவில்லை. ஆறு மாதம் தண்ணீராய்ப் போன எண்ணெயில் ஓடிய பேரிங் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, இரும்பு வெட்டும் கத்திரியால் கூட்டை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புத் தாளை வெயிலில் விரித்தார். மூன்று பேரும் குனிந்தார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் பொடிப்பொடியாக மின்னும். எதுவும் மின்னவில்லை.

"அப்ப வண்டி தப்பிச்சது!"

"பாதி தப்பிச்சது. மீதியை நாளைக்கு முள்ளு சொல்லும்" என்றார் வயர். "அது வரைக்கும் வாட்ச்மேன் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்துடாதீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் புதுச் சவ்வு வாங்கி மாட்டினார். பழைய எண்ணெயை முழுதாக வடித்தார், புது ஃபில்டர் போட்டார், புது எண்ணெயை மேல்கோடு வரைக்கும் ஊற்றினார். முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றி வந்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார்கள். முள் சரிந்தது. லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றரைக்கு வந்து முள் நின்றது, நின்றபடியே இருந்தது. சூடான எஞ்சினுக்கு அது போதும்.

"கண்ணைத் திறங்க. ஆள் வந்துட்டார்" என்றாள் தங்கை.

வாங்க வந்தவர் பத்துக்குச் சரியாக வந்திருந்தார். வண்டி விற்பதற்கில்லை என்று அவளே அவரிடம் சொன்னாள். வீண் அலைச்சல் கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். பிறகு முதியோர் இல்லத்தில் கழித்துப் போட்ட வெள்ளை விரிப்பு ஒன்றை நான்காகக் கிழித்து, ஒரு துண்டைப் புருஷனின் தோளில் போட்டாள். "குச்சி துடைக்க இது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் என் கையில கொடுக்கணும்."

லாரிக்காரர் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறப் போனார்.

"பொறுங்க மாப்பிள்ளை" என்றார் வயர். தன் மீட்டரைக் கழற்றிவிட்டு, பழைய உணர்கருவியை முடுக்கி, அதன் கம்பியை மாட்டினார். மாட்டிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.