முசே இன்னாசி அறுத்த வார்

முசே இன்னாசி செவ்வாய்க்கிழமை இறந்தார். செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் மீன்காரி. கூடையை இறக்காமலேயே, "மதாம், நாய் வைத்தியரு பூட்டாரு. காலையில எழுப்பப் போனா ஒடம்பு சில்லுனு இருந்துச்சாம்" என்றாள். அதற்குள்ளாகவே வெயில் முற்றத்துச் சுவரில் பாதி இறங்கியிருந்தது. இந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது. எச்சரிக்க அவர் இல்லை.

நம் உப்பளம் பேட்டையில் நாய் வளர்க்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் குதிரை லாயத்தில் மிருக வைத்தியருக்கு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடை பிறந்தால் அழைக்காமலே வீடு வீடாக வந்து, நாயின் தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்கரைச் சாலையில் நாயை நடத்திப் போன ஓய்வுபெற்ற பட்டாளத்துக் கப்பித்தேன் ஒருவரை நிறுத்தி, "மொதல்ல நீங்க சப்பாத்தக் கழட்டிட்டு நடங்க, முசே. அப்புறம் நாயி நடக்கட்டும்" என்றார். கப்பித்தேன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் நாய் அதன்பின் விடியற்காலையில்தான் வெளியே வந்தது.

என் நாய் மெதோரையும் அவர்தான் பார்த்துவந்தார். காலஞ்சென்ற என் கணவர் சைகோனிலிருந்து கொண்டுவந்த, ரோமம் அடர்ந்த நாய். வெறிநோய்க்குப் பயந்து, கோடையில் நாயை வெளியே கொண்டுபோனால் வாய்ப்பூட்டு மாட்டுவது பிரெஞ்சுக்காரர் காலத்து ஒழுங்கு. அவர்கள் போய்க் கொடி மாறிய பிறகு யாரும் கேட்கவில்லை; பலர் விட்டுவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை என்பதற்காக ஒழுங்கைக் கைவிடுவது எனக்குக் கேவலமாகப் பட்டது.

கொடி மாறிய மூன்றாம் வருஷம், பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. வழக்கம்போல் பூசை முடிந்து, நாலைந்து குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரை மாந்தோப்புக்குப் போனோம். ஓர் இலைகூட அசையவில்லை. பிள்ளைகள் எறிந்த பந்தை மெதோர் ஓடி ஓடி மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது. முசே இன்னாசி என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "மதாம், வாயக் கட்டி வெச்சிருக்கீங்க. நாயிக்கு ஒடம்பு ஆறுறது நாக்கு வழியாத்தான். அவுத்துடுங்க."

எல்லோரும் பார்க்க நான் திருத்தப்படுவதா? "எங்க நாயி ஒழுங்காப் பழகுனது, முசே இன்னாசி" என்றேன். வாய்ப்பூட்டின் வார் தளர்ந்திருப்பதாகத் தோன்றியது. அவர் கண் முன்னாலேயே இரண்டு துளை இறுக்கினேன்.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். மெதோருக்குப் பின்கால்கள் பின்னின. வாரின் இடுக்கில் எச்சில் கெட்டியாக நின்றது. களைப்பு என்றே நினைத்தேன். முசே இன்னாசி இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாங்காய் நறுக்கிய கத்தியால் வாரை அறுத்தார். வெளியே விழுந்த நாக்கு நாவற்பழ நிறத்தில் இருந்தது. நாயை நிழலில் கிடத்தி, ஆற்றுத் தண்ணீரை அள்ளி வயிற்றையும் பாதங்களையும் நனைத்தார். தம் தொப்பியால் விசிறினார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவில்லை.

சாப்பாட்டை விட்டு எல்லோரும் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர் அறுந்த வாய்ப்பூட்டைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். "வயசான நாயி. நெஞ்சு நின்னுபோச்சு" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அதன்பின் எனக்கு நாய் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் என்னைப் பார்க்க வருவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சென்ற வருஷம் நானாகவே ஆரம்பித்தேன். கையமர்த்தினார். "எனக்குத்தான் தெரியுமே, மதாம். நாயி வெச்சிருக்கவங்களுக்குச் சொல்லுங்க." நான் சொல்லவில்லை.

பெந்தெகொஸ்தேக்கு இன்னும் மூன்று வாரம். தோப்புக்குப் போக நீங்கள் பேசிவைத்திருக்கிறீர்கள். வெறிநாய் பயத்தில் சிலர் மறுபடியும் வாய்ப்பூட்டு வாங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். முசே இன்னாசியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன ஒரு பொய். ஐந்து வருஷம் அதன் நிழலில் தலைநிமிர்ந்து நடந்தேன். இனி முடியாது. மெதோர் வயதாகிச் சாகவில்லை. அதற்கு அப்போது ஆறு வயது.