பிரேக்கில் வண்டி மை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு மில்லில் நூல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். நாங்கள் ஏழெட்டுக் கிறுக்கர்கள் மட்டும் ஐப்பசி மழையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் பந்தயம் ஓடுவோம். ரோட்டில் ஓட்டுவது பந்தயமே இல்லை என்று எங்களுக்கு ஒரு திமிர். குளத்தோரப் புளியமரத்தடியில் கிளம்பி, கள்ளி வேலிக்கு நடுவே போகும் இட்டேரியில் புகுந்து, சோளக்காட்டு வரப்பில் உருட்டி, வாய்க்காலில் சைக்கிளைத் தோளில் போட்டு இறங்கி ஏறி, குளத்துக் கரையைச் சுற்றி, சரிவில் இறங்கி மறுபடியும் அதே மரத்தடிக்கு வர வேண்டும். மேடானாலும் சேறானாலும் அதே ஒரு பல்சக்கரம், அதே மிதி. மிதிக்க முடியாதவன் இறங்கித் தூக்க வேண்டியதுதான். ஜெயித்தவனுக்கு ஒரு துண்டு போர்த்துவார்கள். அவ்வளவுதான் மரியாதை.

அந்த ஐப்பசியில் எனக்குத் துண்டு முக்கியமில்லை. அப்பா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தை விட்டு மில்லுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, "என்ற மண்ணு உனக்கு ஆகாதுன்னா, நீயும் எனக்கு ஆகமாட்டே" என்றார். அதோடு சரி. ஊருக்குப் போனால் தூணைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார். நானும் வீம்புக்காரன்தான், கெஞ்சவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்டில் மிஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்காக ஏங்கித்தான் போனேன்.

அப்பா வாலிபத்தில் ரேக்ளா வண்டி ஓட்டிப் பேர் வாங்கியவர். பந்தயம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மாடு பூட்டினால் என்ன, மனுஷன் மிதித்தால் என்ன, ஜெயித்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமலா போய்விடுவார்? அப்படித்தான் கணக்குப் போட்டேன். சந்தைக்கு வருகிறவர் அப்படியே குளத்துப் பக்கம் வந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன்.

வந்தார்! புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, துண்டைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, வேட்டியை மாற்றி அரை டிராயர் போட்டுக்கொள்ளப் புதர் மறைவுக்குப் போனேன். திரும்பி வந்து சைக்கிளை எடுத்தேன், விசில் ஊதினார்கள், கிளம்பிவிட்டோம்.

அன்றைக்கு ஓட்டியது போல நான் ஜென்மத்தில் ஓட்டியதில்லை. இட்டேரியில் முழங்கால் சேறு. இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாய்க்காலில் ஒருவன் சைக்கிளோடு மல்லாந்தான். குளத்துக் கரை மேல் ஏறியபோது எனக்கு முன்னால் யாருமில்லை. கீழே புளியமரம், மாட்டுவண்டி, தலையில் துண்டோடு அப்பா. அவர் ஒரு அடி முன்னால் வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினேன். வெண்ணெயில் கை வைத்தது போல வழுக்கிக்கொண்டே போனது. சைக்கிள் மதகுக் கல்லில் மோதியது. நான் எங்கே விழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்தபோது வலது மணிக்கட்டு தொங்கியது. எனக்குப் பின்னால் வந்த பொடியன் ஒருவன் மரத்தடியில் துண்டு போர்த்திக்கொண்டிருந்தான்.

சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த கடைக்கார பாய் ஓடி வந்தார். சக்கர வளையத்தைத் தடவி மோந்து பார்த்தார். "தம்பி, இது வண்டி மையில்ல? வெளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும். பிரேக்குக் கட்டைக்கு அப்பிவெச்சிருக்கே, எவன் வேலை இது?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தினேன். "எந்தப் பொறாமை புடிச்ச நாயிடா பூசுனது? அவன் கையி வெளங்காமப் போக!"

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"நாந்தானுங்க பூசுனேன்" என்றார் பாயிடம். "உருட்டிப் பாத்தேனுங்க. அந்தக் கட்டை சக்கரத்துல ஒரசிக் கீச்சுக் கீச்சுன்னுது. தேஞ்சு போயிருமேன்னு..."

நாற்பது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர். அச்சு கத்தினால் வண்டிக்காரனுக்குத்தான் கேவலம், உரசுகிற இடத்தில் மை போடு. அவருக்குத் தெரிந்தது அது. உரசுவதற்காகவே ஒரு கட்டையை வைத்திருப்பார்கள் என்று அவர் எங்கே கண்டார்?

பிறகு என்னைப் பார்த்தார். என் கை தொங்குவதைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ரொம்ப வலிக்குதா கண்ணு?"

இரண்டு வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய பேச்சு அது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், ஊர் பார்க்கத் தோற்ற வயிற்றெரிச்சலில், அட பாவி, நான் சொன்னேன்: "உங்களை ஆருங்க வரச் சொன்னது? போங்க!"

"செரி" என்றார். மாட்டைப் பூட்டினார். வண்டி இட்டேரிச் சேற்றில் மெதுவாகப் போனது. நான் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் கையில் கட்டோடு ஊருக்குப் போய், "பெசகிப் போட்டேனுங்க அப்பா, மன்னிச்சுருங்க" என்றேன். அவர் என் வட்டிலை இழுத்து, நான் இடக்கையால் பிசைய முடியாமல் திண்டாடிய களியைக் குழம்பு விட்டுக் கரைத்து வைத்துவிட்டு, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். பேச்சு? ம்ஹூம். அதன் பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தார். கோபத்தில் பேசாமல் இருந்தாரா, பேசினால் மறுபடி ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பயந்து என்றால்தான் எனக்குத் தாங்கவில்லை.

கொள்ளி வைக்கச் சொன்னபோதுதான் அவர் காதருகே குனிந்து, "வலிக்குதுங்க அப்பா" என்றேன்.