நாலு பேருக்கு அளந்த சோறு

நான் வேலை செய்யும் வீட்டின் எசமானி சிஞ்ஞோராவுக்கு, இந்த இத்தாலிய நகரத்தின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் இரண்டு வீடுகள் சொந்தம். ஒன்றில் இருக்கிறார், மற்றதை வாடகைக்கு விட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் கடைக்குப் போய் ஒரு எத்தோ, அதாவது வெறும் நூறு கிராம், இறைச்சியைச் சீவித் தரச் சொல்லிக் கேட்பார். பிறகு இரண்டு எலுமிச்சம்பழம், ஆளுக்கொன்றாக மூன்று கத்தரிக்காய். கடைக்காரன் முகம் சுளிப்பதில்லை, பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் இல்லை. எங்கள் ஊரில் நூறு கிராம் சீனி கேட்டுப் போனால், அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விடிவதற்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது, "கால் கிலோ எண்டு கத்திக் கேக்காதை, ஆக்கள் நிண்டா ஒதுங்கி நிண்டு கேள்" என்று சொல்லித்தான் அனுப்புவார். இங்கே வைரத்தோடு போட்டவர்களே அதைச் சத்தமாகக் கேட்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஞ்ஞோரா என்னைத் தக்காளி வாங்க அனுப்பினார். நான் பை நிறைய வாங்கி வந்தேன். "கீ வியெனே?" யார் வருகிறார்கள் என்று கேட்டார். தெரிந்த அரைகுறை இத்தாலியனில், யாராவது வருவார்கள் என்றேன். வீடென்றால் யாராவது வராமலா இருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர் உடுப்பு மாற்றி, உதட்டுக்குச் சாயம் பூசி, பின்னேரம் வரை காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போகும் காசை அவர் எண்ணித்தான் தருகிறார்.

இனி மலரின் கதைக்கு வருகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இதில் ஒளிப்பானேன்? மலர் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவள். நாங்கள் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுத்து இந்த ஊரில் பழைய ஆட்களாகிவிட்ட பிறகு, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். அவளுக்கு முதல் வேலை பிடித்துக் கொடுத்ததே நான்தான். இப்போது அவளுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் சொந்த வீடு. எங்களுக்கோ இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட வீடு. குசினியில் எங்கள் முறை முடிந்தால் கறி பாதியில் கொதித்தாலும் அடுப்பை விட்டு விலக வேண்டும். அவளும் என்னைப் போல வீட்டு வேலைதான் செய்கிறாள். அவள் புருசனும் என் கணவரைப் போல உணவகத்தில் கோப்பைதான் கழுவுகிறான். பிறகு எங்கே இருந்து முளைத்தது அந்த வீடு? வயிறு எரிந்தது.

இந்த வருடம் எங்கள் தெருவிலேயே தனிக் குசினியோடு ஒரு வீடு வாடகைக்கு வந்தது. கப்பாரா என்று இங்கே சொல்லும் முற்பணத்தை செப்டெம்பர் முடிவதற்குள் கட்டினால் எங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வெட்கத்தை விட்டு, பஸ்ஸில் கண்ட மலரிடமே வழி கேட்டேன். கள்ளமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள், அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

"சம்பளம் வந்த அண்டைக்கே வீட்டுக்காசை வேறை உறையிலை போட்டிடுங்கோ அக்கா. மிஞ்சினதைச் சேர்ப்பம் எண்டா ஒண்டும் மிஞ்சாது. சாமத்திய வீடு, பிறந்தநாள் எண்டு போற காசுக்கும் ஒரு உறை வையுங்கோ. சந்தைக்குப் பசியோடை போகாதேங்கோ, பாங்க் காட்டைக் கொண்டு போகாதேங்கோ, அந்தக் கிழமைக் காசு முடிஞ்சா முடிஞ்சது தான். அரிசியை ஆளை எண்ணிப் போடுங்கோ."

ஒவ்வொன்றாகச் செய்தேன். சீலை விற்கும் வாட்சப் குழுவிலிருந்து விலகினேன். மற்ற எல்லாவற்றையும் விட அதற்குத்தான் மனத்திடம் தேவைப்பட்டது. சாப்பிட்டுவிட்டுப் பல்லாரோ சந்தைக்குப் போனேன். அங்கே நாலு கத்தரிக்காய் என்று மெதுவாகக் கேட்டேன். வியாபாரி விளங்காமல், என்ன என்று கேட்டு "கொசா?" என்று கத்தினான். நானும் "நாலு!" என்று திருப்பிக் கத்தினேன். முகம் சுளிக்காமல் நிறுத்துத் தந்தான். அரிசி விஷயத்தில்தான் கை சொல் கேட்கவில்லை. அளந்து போட்ட பிறகும் ஒரு பிடி கூடப் போகப் பார்க்கும். யாராவது வந்தால் என்று போடுகிற பிடி அது. வராவிட்டால் குப்பைக்குத்தான் போகும், என் பிள்ளைகள் பழஞ்சோறு தொடமாட்டார்கள். அந்தப் பிடியை நிறுத்தினேன். உறை கனத்துக்கொண்டு வந்தது.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, நாலு பேருக்கு அளந்த சோறும் ஆளுக்கொரு துண்டு மீனும் மேசைக்கு வந்த நேரம், வாசலில் மலர் நின்றாள். தன் புது வீட்டுக் குடிபூரலுக்குச் சொல்ல வந்திருந்தாள்.

"வாரும், சாப்பிடும்" என்றேன். வேண்டாம் அக்கா என்று ஒரு தரமாவது சொல்லுவாள் என்று நம்பினேன்.

"ஓம் அக்கா, நல்ல பசி" என்று கை கழுவப் போய்விட்டாள்.

என் கணவர் எழும்பி, "ஓடிப்போய் ஏதும் வாங்கியாறன்" என்று குசுகுசுத்தார். அந்தக் கிழமைக் காசு முடிந்திருந்தது. இருந்தது கப்பாரா உறை மட்டும். அதில் ஒரு தாள் உருவினாலும் வீடு போய்விடும். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ அக்கா?"

"எனக்கு இண்டைக்கு விரதம்."

மலர் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மச்சம் காய்ச்சின வீட்டிலை என்ன விரதம் அக்கா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். என் முகம் போன போக்கு எனக்கே தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்து, சோற்றில் பாதியையும் மீனில் பாதியையும் போட்டு என் முன்னால் வைத்தாள். "நானும் வந்த புதுசிலை வருசம் முழுக்க விரதம் தான். ஆர் வந்தாலும் விரதம். ஆனா அண்டைக்கு மீன் காய்ச்ச மாட்டன். சாப்பிடுங்கோ." அந்த வீடு எங்கே இருந்து முளைத்தது என்று அப்போது விளங்கியது. நான் அவளைப் பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். பட்டினி கிடப்பதில்கூட என்னை முந்திவிட்டாளே என்றுதான் எரிந்தது.

போகும்போது படியில் நின்று, "எத்தினை பேர் வாறியளெண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. எண்ணித்தான் சமைக்கப் போறன்" என்றாள். குடிபூரலுக்குத் தலை எண்ணுகிற வழக்கத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

"நீர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வரலாமோ?" என்று கேட்டே விட்டேன்.

"உங்கடை வீட்டுக்குச் சொல்லிப்போட்டு வாறதுக்கு, இதென்ன சிஞ்ஞோராவின்ரை வீடே அக்கா?" என்று சிரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

முற்பணம் கட்டிவிட்டோம். புது வீட்டில் எந்த நேரமும் அடுப்பு என்னுடையது. தெருக்கதவு மணிக்குப் பக்கத்தில் எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறோம். ஞாயிறு மத்தியானங்களில் அளந்து சமைத்துவிட்டு, மணி அடித்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டு இருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. போன கிழமை மலரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரலாமோ? நான் ஒராள் தான்."

வாரும் என்று பதில் எழுதினேன். பிறகுதான், சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வருவதுபோல என்னிடமும் முதலே கேட்டுவிட்டாளே என்று உறைக்க, போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன்.